ஆயில்யமும் குதிரை நேரமும்

இங்க உக்காரும்மா. ஜன்னல் ஓரமா வா, காத்து வரும். நான் இந்தப் பக்கம் தள்ளிக்கிறேன். வயித்துல பிள்ளை இருக்கிறப்ப பஸ்ல நின்னுக்கிட்டே போகக் கூடாது. எத்தனை மாசம், ஏழா? முகத்தைப் பார்த்தாலே தெரியுது. எங்க போறே, கோலா கங்சாரா? நான் அதுக்கு முன்னாடியே சுங்கை சிப்புட்ல இறங்கிடுவேன்.

என் மகளைப் பார்த்துட்டு வர்றேன். ஈப்போல இருக்கா. சாருமதின்னு பேரு, ஒரே பொண்ணு. பேரன் பொறந்து நாலு மாசம் ஆகுது. நல்லா இருக்கான், கொழுகொழுன்னு. கண்ணு மட்டும் சீனக் கண்ணு. மருமகன் சீனப் பையன். அதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. வெய் ஷெங் நல்ல பையன். பினாங்குல ஃபேக்டரில எஞ்சினியர், வாரக் கடைசிக்கு வீட்டுக்கு வருவான். என்னை அம்மான்னுதான் கூப்பிடுவான், அதுவும் தமிழ்ல. அவனைப் பத்தி ஒரு குறை சொல்ல மாட்டேன். அவனைப் பெத்தவ இருக்காளே, அவளைப் பத்திதான் பேச்சு.

மேடம் லாவ்னு கூப்பிடுவேன். சம்பந்தின்னு வாயில வராது. எதுக்கெடுத்தாலும் நாள் பார்க்கிற ஜாதி அவ. காடி, அதான் காரு, அது வாங்க நாளு, கட்டில் திருப்பிப் போட நாளு. மூடநம்பிக்கைன்னா அப்படி ஒரு மூடநம்பிக்கை. ஈப்போ பழைய டவுன்ல ஒரு சின்சே இருக்கார், நாள் பார்க்கிற சீனக் கிழவர். அவர் சொல்லாம அந்த வீட்ல ஒரு ஆணி அடிக்க மாட்டாங்க.

பிள்ளை வயித்துல தலை மேல காட்டிக்கிட்டு இருந்துச்சு. திரும்பவே இல்ல. அறுத்துத்தான் எடுக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இந்த வாரத்துல எந்த நாள் வேணும்னாலும் வாங்கன்னு சொன்னாங்க. அவ்வளவுதான், மேடம் லாவ் சின்சேகிட்ட ஓடிட்டா.

வந்து என்ன சொன்னா தெரியுமா. அவங்க ஜாதகத்துல நம்மள மாதிரி கட்டம் கிடையாதாம். நாலு தூணாம். வருஷம் ஒரு தூணு, மாசம் ஒரு தூணு, நாள் ஒண்ணு, நேரம் ஒண்ணு. தூணுக்கு ரெண்டு எழுத்து, மொத்தம் எட்டு. ஒவ்வொரு எழுத்தும் நெருப்பு, தண்ணி, மரம், இரும்பு, மண்ணு, இதுல ஏதாவது ஒண்ணு. சாதாரணமா எல்லாருக்கும் எல்லாம் கலந்துதான் இருக்கணும். கலந்தாத்தான் நல்லதாம். ஆனா ஆயிரத்துல ஒருத்தருக்கு ஒரே பூதம் வந்து நிரம்பிடுமாம். அந்த வாரத்துல சின்சே குறிச்சுக் குடுத்த நாள்ல பொறந்தா வருஷம், மாசம், நாள் மூணும் நெருப்பு, நெருப்புக்கு விறகா மரம். பதினொரு மணியில இருந்து ஒரு மணி வரைக்கும் குதிரை நேரம். அப்ப பொறந்தா நாலாவது தூணும் அதே மாதிரி நின்னுடும். ஓங்கி எரியும் நெருப்புன்னு அந்த அமைப்புக்குப் பேரு. அப்படிப் பொறந்தவன் எங்க போனாலும் நாலு பேர் அவன் பின்னால வருவாங்களாம்.

அதுக்கு முன்னாடி பொறந்தா? நேரத்துல ஒரு சொட்டுத் தண்ணி வந்துடும். அவ்வளவு நெருப்புல ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தா அணையாது, சீறும். அந்தப் பிள்ளை தன்னையும் எரிச்சு பக்கத்துல இருக்கிறவங்களையும் எரிக்குமாம். முழுசா இருந்தா ராஜா, உடைஞ்சா நாசம், நடுவுல ஒண்ணும் கிடையாதுன்னு மலாய்ல சொல்லிக்கிட்டு இருந்தா. நான் டீ குடிச்சிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தேன்.

அவளுக்கும் ஒரு காரணம் இருந்துச்சு, மறைக்கக் கூடாது. வெய் ஷெங்குக்கு மேல ஒரு மகன் இருந்திருக்கான். அவனுக்கும் இதே அமைப்பாம், நேரம் மட்டும் தப்பிப்போச்சாம். மோட்டார் சைக்கிள்ல போய் லாரியில விழுந்துட்டான், படிக்கிற வயசுல. அதைச் சொல்றப்ப அவ அழல. கையை மடியில வச்சு தேய்ச்சுக்கிட்டே இருந்தா. பாவந்தான். ஆனா சாவு யார் வீட்ல இல்ல, சொல்லு. அதுக்காக என் பேரன் எப்ப பொறக்கணும்னு அவ முடிவு பண்றதா?

நானும் வீட்டுக்கு வந்து பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். அன்னிக்கு ஆயில்யம். மத்தியானம் ஒண்ணே காலு வரைக்கும் ஆயில்யம், அதுவும் கடைசிப் பாதம். ஆயில்யம் கடைசிப் பாதத்துல பிள்ளை பொறந்தா தாய்க்கு ஆகாது. இது மூடநம்பிக்கை இல்லம்மா, நான் அனுபவிச்சவ. நான் ஆயில்யம். நான் பொறந்த மாசமே எங்கம்மா போயிட்டா. எங்க அத்தை தலைவாரி விடறப்பல்லாம் சொல்லும், தாயை முழுங்கின தலை இதுன்னு. சீப்பை அழுத்தி இழுக்கும். ஒரு நல்ல காரியத்துக்கு என்னை முன்னால நிக்க விட்டதில்ல. அப்படி ஒரு பிள்ளை என் சாரு வயித்துல பொறந்து, அவ போய்ட்டா, நான் என்ன பண்ணுவேன்?

சாருகிட்ட சொன்னேன். "கண்ணு, ஒண்ணே காலுக்கு அப்புறம் வச்சுக்கச் சொல்லு. மகம் வந்துடும்."

"மா, அத்தை ஒண்ணு சொல்றாங்க, நீங்க ஒண்ணு சொல்றீங்க. டாக்டர் பதினொண்ணரைன்னு எழுதிட்டாங்க. விட்டுடுங்க. எனக்குப் பிள்ளை நல்லபடியா வந்தா போதும்."

"உனக்கு ஒண்ணுன்னா?"

"எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா."

அவ சொல்லிட்டா. பெத்தவளுக்கு மனசு அடங்குமா?

எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு ஒண்ணு ஆசுபத்திரியில மிஸ்ஸியா, அதான் நர்ஸா இருக்கு. பேச்சுவாக்குல கேட்டு வச்சிருந்தேன், ஆபரேஷனை எதுக்காகவாவது தள்ளிப் போடுவாங்களான்னு. சாப்பிட்டுட்டு வந்தா ஆறு மணி நேரம் தள்ளிடுவாங்க ஆன்ட்டின்னு சொல்லுச்சு. மயக்க மருந்து குடுக்கிறதால வெறும் வயிறா இருக்கணுமாம். அதைக் காதுல போட்டுக்கிட்டேன்.

அன்னிக்குக் காலையில சாரு வீட்ல நானும் இருந்தேன், மேடம் லாவும் இருந்தா. வெய் ஷெங் பினாங்குல இருந்து நேரா ஆசுபத்திரிக்கு வந்துடறேன்னு சொல்லியிருந்தான். விடிஞ்சதும் சாரு எழுந்து வந்து சோபாவுல உக்காந்தா. வயித்துல கையை வச்சுக்கிட்டே இருந்தா.

"மா, ராத்திரியில இருந்து பிள்ளை ஆடவே இல்ல. இப்பவே போயிடலாமா?"

மேடம் லாவ் வந்து வயித்தைத் தொட்டுப் பார்த்தா. வெளிய வர்றதுக்கு முன்னாடி பிள்ளை தூங்கும், பலம் சேர்த்துக்கும், ஒன்பதுக்கு மேல கிளம்பினா போதும்னு சொன்னா. நானும் அதையேதான் சொன்னேன். அந்த ஒரு விஷயத்துலதான் நாங்க ரெண்டு பேரும் ஒத்துப்போனோம். இப்பவே போனா உடனே அறுத்து எடுத்துடுவாங்க, அவ அந்த ஒரு சொட்டுத் தண்ணிக்குப் பயந்தா, நான் ஆயில்யத்துக்குப் பயந்தேன்.

மேடம் லாவ் குளிக்கப் போன நேரம். எட்டு மணி இருக்கும். நான் ஒரு கப்பு மைலோ கலக்கி, ரெண்டு ரொட்டியில பட்டர் தடவி எடுத்துக்கிட்டு வந்தேன்.

"மா, ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. தண்ணி கூட குடிக்கக் கூடாது."

"அதெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொல்றது. பிள்ளை பசியில கிடக்குதோ என்னவோ. அதான் ஆடல. நீ பசியாறினா அதுவும் ஆடும்."

அவ என் முகத்தைப் பார்த்தா. பயந்து போயிருந்தா, முதல் பிள்ளை இல்லையா. கப்பை வாங்கி ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு குடிச்சா, ரொட்டியையும் தின்னா. தின்னுட்டு வயித்துல கையை வச்சுக்கிட்டு காத்திருந்தா. "ஆடுதா?"ன்னு கேட்டேன். தலையை ஆட்டினா, இல்லைன்னு. நான் கப்பைக் கழுவி கவுத்து வச்சேன்.

தப்பாம்மா, சொல்லு. பசியோட இருக்கிற பொண்ணுக்குப் பெத்தவ ஒரு கப்பு மைலோ குடுக்கிறது தப்பா?

ஆசுபத்திரிக்குப் போனோம். மேடம் லாவ்தான் காடி ஓட்டினா. வழி முழுக்க கடிகாரத்தையே பார்த்துக்கிட்டு வந்தா, சிக்னல் பச்சையானாலும் மெதுவாத்தான் எடுத்தா. ஆசுபத்திரியில சாருவுக்குப் பச்சை அங்கி மாட்டிவிட்டாங்க. மிஸ்ஸி ஒருத்தி வந்து கேட்டா, கடைசியா எப்ப சாப்பிட்டீங்கன்னு. சாரு என்னைப் பார்த்தா. அப்புறம் உண்மையைச் சொல்லிட்டா. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, சின்ன வயசுல இருந்தே.

மிஸ்ஸி முகம் மாறிடுச்சு. போன் பண்ணிப் பேசிட்டு, இப்ப முடியாது, ரெண்டு மணிக்குத்தான்னு சொன்னா. எனக்கு உசுரே வந்துச்சு. ரெண்டு மணி. மகம். மனசுக்குள்ள அம்மனைக் கும்பிட்டேன்.

மேடம் லாவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. புரிஞ்சதும் என் கையைப் பிடிச்சு வராந்தாவுக்கு இழுத்துக்கிட்டு போனா. அந்தக் கை இரும்பு மாதிரி இருந்துச்சு.

"நீ குடுத்தியா?"

"பசிக்குதுன்னா, குடுத்தேன்."

"ரெண்டு மணிக்கு நேரம் போயிடும். ஆட்டு நேரம் அது. என் பேரனை நீ உடைக்கிறே."

"உன் நேரத்துல பொறந்தா என் மக சாவா. உனக்கு ராஜா வேணும், எனக்கு மக வேணும்."

"ஒரு மகனை நான் மண்ணுல போட்டுட்டேன். உனக்குத் தெரியாது அது."

"எங்கம்மாவை நான் பார்த்ததே இல்ல. உனக்குத் தெரியுமா அது?"

ரெண்டு பேரும் கத்தல, பார்த்துக்கோ. வராந்தாவுல ஜனங்க நடந்துக்கிட்டு இருக்காங்க. தாழ்ந்த குரல்லதான் பேசினோம். ஆனா அவ மூச்சு என் முகத்துல பட்டுச்சு, அவ்வளவு கிட்ட நின்னோம். அவ உதடு துடிச்சது. கதவு திறந்துதான் இருந்துச்சு. உள்ள சாரு படுத்துக்கிட்டு எங்களைப் பார்த்துக்கிட்டு இருந்தா. அப்ப நான் கவனிக்கல.

அந்த நேரத்துல அவ வயித்துல ஒரு பெல்ட்டு கட்டிக்கிட்டு இருந்தாங்க. பிள்ளையோட நெஞ்சுத் துடிப்பு அந்த மெஷின்ல சத்தமா கேட்கும். குதிரை ஓடற மாதிரி வேகமா கேட்கணும். நாங்க வராந்தாவுல நின்ன இடத்துக்குக் கேட்டுச்சு. டப்... டப்... டப்னு. நடக்கக்கூட முடியாதவங்க நடக்கிற மாதிரி. நாங்க பேச்சை நிறுத்திட்டோம். ரெண்டு பேரும் அப்படியே நின்னு கேட்டோம். அடுத்த சத்தம் வருமான்னு.

மிஸ்ஸி ஓடினா. டாக்டரம்மா வந்தாங்க, பின்னால நாலு பேர். கட்டிலோட சக்கரத்தைத் தட்டிவிட்டு தள்ளிக்கிட்டு கிளம்பிட்டாங்க. அப்ப பத்து மணி கூட ஆகல. மேடம் லாவ் டாக்டரம்மா கையைப் பிடிச்சுக்கிட்டா.

"டாக்டர், பதினொண்ணு வரைக்கும். பதினொண்ணு வரைக்கும் மட்டும்."

நானும் சொன்னேன். "வயிறு நிறைய சாப்பிட்டிருக்கா டாக்டர், நீங்கதானே ரெண்டு மணின்னு சொன்னீங்க?"

டாக்டரம்மா எங்களை ஒரு பார்வை பார்த்தாங்க. "ரெண்டு பேரும் நகருங்க." அவ்வளவுதான் சொன்னாங்க. கட்டில் போயிடுச்சு. சாரு கை கட்டில் ஓரத்துல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அதை எடுத்து மேல வைக்கக் கூட எனக்கு நேரம் குடுக்கல.

அப்புறம் உக்காந்திருந்தோம், அவ ஒரு நாற்காலி, நான் ஒரு நாற்காலி. வெய் ஷெங் வந்தான், வேர்த்துக் கொட்டிக்கிட்டு. மிஸ்ஸிகிட்ட பேசிட்டு எங்க முன்னால வந்து நின்னான்.

"பிள்ளை ஆடலன்னு காலையிலயே சொன்னாளாமே. ஏன் உடனே கூட்டிக்கிட்டு வரல?"

அவன் அம்மா தரையைப் பார்த்தா. நான் அவளைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்துல அவனை மட்டும் உள்ள கூப்பிட்டாங்க. போனவன் வரவே இல்ல. எங்ககிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல. நான் கதவையே பார்த்துக்கிட்டு இருந்தேன். ஆயில்யம், ஆயில்யம்னு அதுதான் ஓடுது தலைக்குள்ள. எங்க அத்தை சீப்பை இழுக்கிற மாதிரியே மண்டையில வலி. அவளை எடுத்துக்காத, என்னை எடுத்துக்கோன்னு வேண்டிக்கிட்டேன். அதைச் சத்தியமா சொல்றேன். அந்த நேரத்துல எனக்குப் பேரன் நினைப்பே இல்ல.

அவன் வெளிய வந்தப்ப ரெண்டாகப் போகுது. கண்ணு சிவந்திருந்துச்சு. "ஆண் பிள்ளை. மூச்சு விடறான். கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. சாரு ஐசியூல இருக்கா. மயக்கத்துல வாந்தி வந்து நுரையீரல்ல போயிடுச்சு. மெஷின் வச்சுத்தான் மூச்சு விடறா."

மேடம் லாவ் எழுந்து நின்னா. "என்ன நேரம் பொறந்தான்?"

நானும் அதேதான் கேட்டேன். "என்ன நேரம்பா?"

அவன் எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தான். போய் மூலையில ஒரு நாற்காலியில உக்காந்து முகத்தை மூடிக்கிட்டான். பெரியவங்க கேட்கிறப்ப பதில் சொல்லணுமா வேணாமா? அவனைக் குறை சொல்ல மாட்டேன்னு சொன்னேன், இருந்தாலும் அது எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு.

சாரு எத்தனையோ நாள் அங்க கிடந்தா. வாயில குழாய், கையில குழாய். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்ப்பேன். சோறு இறங்கல எனக்கு. நேரம் தெரியலியேன்னு துடிச்சேன். தெரிஞ்சாத்தானே பரிகாரம் பண்ண முடியும். குழாய் எடுத்த மறுநாளே குனிஞ்சு காதுல கேட்டேன். "கண்ணு, எத்தனை மணிக்குப் பொறந்தான், உனக்குச் சொன்னாங்களா?" அவ சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா. தொண்டை புண்ணு, பேச முடியல பாவம்.

யார் சாப்பாடு குடுத்ததுன்னு வெய் ஷெங் அவகிட்ட கேட்டிருக்கான். பசிச்சுது, நானே கலக்கிக் குடிச்சேன்னு சொல்லியிருக்கா. எதுக்கு அப்படிச் சொன்னாளோ. நான் குடுத்ததை நான் எங்கயும் மறைக்கல.

அழாதம்மா, எதுக்கு நீ அழறே. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. கேளு.

வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம் கழிச்சு ஒரு நாள் சாருவே போன் பண்ணினா. குரல் இன்னும் கரகரன்னுதான் இருந்துச்சு, இப்பவும் அப்படித்தான்.

"மா, நேரம் கேட்டுக்கிட்டே இருந்தீங்களே. ஒண்ணு இருபது."

"நிஜமாவா?"

"ஆமாம்மா. மகம். இனிமே அதைப் பத்திப் பேச வேணாம். ஆனா அத்தைகிட்ட பதினொண்ணு நாப்பதுன்னு சொல்லியிருக்கோம், அவங்க மனசு நோகக் கூடாதுன்னு. அவங்ககிட்ட காட்டிக்குடுத்துடாதீங்க. நேரத்தைப் பத்தி ஒரு வார்த்தை வரக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணிக் குடுத்தேன். போனை வச்சுட்டு சாமி அறையில உக்காந்து அப்படி அழுதேன். எங்கம்மா செத்ததுக்குக் கூட நான் அழுததில்ல, எப்படி அழறது, முகமே தெரியாதே. அன்னிக்குத்தான் அழுதேன்.

என்ன கேட்கிறே? பத்து மணிக்கு முன்னால உள்ள கொண்டுபோனாங்க, ஒண்ணு இருபது வரைக்கும் என்ன பண்ணினாங்கன்னா? அதெல்லாம் பெரிய ஆபரேஷன்மா. அவசரத்துல என்னென்னவோ பார்ப்பாங்க. சாருவே சொல்லிட்டா, அப்புறம் என்ன. அவளுக்குத்தான் பொய் சொல்லத் தெரியாதே.

இப்ப எல்லாம் ஒழுங்கா இருக்கு. மாசத்துக்கு ஒரு தடவை போறேன், வெய் ஷெங் வீட்ல இருக்கிற நாளா பார்த்து வரச் சொல்றாங்க. மரியாதைக்கு அவனும் இருக்கணும்னு நினைக்கிறாங்கபோல. மேடம் லாவ் வேற நாள்ல வருவா. சாருவுக்குன்னு ஏதாவது சமைச்சு எடுத்துக்கிட்டு போவேன், அவ தொடறதில்ல. டயட்டாம். இந்தக் காலத்துப் பொண்ணுங்க. பிள்ளைக்குப் பால் புட்டியை நான் கையில எடுத்தாலும் வெய் ஷெங் வந்து வாங்கிக்கிறான். அவ்வளவு பொறுப்பு.

முழு மாசத்துக்கு மட்டும் எல்லாரும் ஒண்ணா இருந்தோம். சீனங்க வழக்கம், பிள்ளைக்கு மாசம் நிறைஞ்சா சிவப்புச் சாயம் போட்ட முட்டை குடுப்பாங்க. எங்க ஆளுங்களும் வந்திருந்தாங்க. மேடம் லாவ் பேரனை மடியில வச்சுக்கிட்டு ராணி மாதிரி உக்காந்திருந்தா. வர்றவங்ககிட்டல்லாம் சீனத்துல ஏதோ சொல்றா, அவங்களும் ஓ ஓங்கிறாங்க. நெருப்பு ஜாதகத்தைத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருப்பா. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமா இருந்துச்சு. மகனைப் பறிகுடுத்தவ, இல்லாத நேரத்தை நம்பிக்கிட்டு உக்காந்திருக்கா. உண்மை தெரிஞ்சா தாங்குவாளா. வாயைத் திறக்கல நான், சத்தியம் பண்ணியிருக்கேன்ல.

போறப்ப அவளே எழுந்து வந்தா. அந்த வராந்தாவுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் என் கையைத் தொடறா. ஒரு சிவப்பு முட்டையை எடுத்து என் உள்ளங்கையில வச்சு, விரலை ஒவ்வொண்ணா மடக்கி மூடிவிட்டா. என் கன்னத்தைத் தட்டினா, சின்னப் பிள்ளையைத் தட்டற மாதிரி. நேரத்தைப் பத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தவ, சாருவைப் பார்த்துட்டு முழுங்கினா, அது தெரிஞ்சுது.

அந்தக் கண்ணுல கோபம் இல்லம்மா. என்னைப் பார்த்து அப்படி இரக்கப்பட்டா. எதுக்குன்னுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.